வெளியே போகாத பூனை

பூனையின் கழுத்தைத் தொட்டதும் அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

ரோமத்துக்கு அடியில் கடுகு கடுகாகப் பொருக்கு. விரல் பட்டதில் ஒன்று பிய்ந்து, பிசுபிசுவென்று நீர் கசிந்து நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. வாடை வேறு.

பூனை கணவரின் செல்லம். ஓய்வு பெற்ற பிறகு அவர் வாய்விட்டுப் பேசுவதே அதனோடுதான். ஆனால் கால்நடை டாக்டரம்மா மேஜையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னதும், கழற்றிய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வேலை அவள் தலையில் விடிந்தது.

வயிற்றில் முடியே இல்லை. நக்கி நக்கி, உரித்த கோழி மாதிரி ஆக்கி வைத்திருந்தது.

டாக்டரம்மா சீப்பால் வாரி, உதிர்ந்த கரும்பொடியை ஈரத்தாளில் தட்டினார். பொடி கரைந்து சிவப்பாகப் பரவியது. தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தமாம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இது தெள்ளுக்கடி அலர்ஜிம்மா. ஒண்ணு ரெண்டு கடிச்சாலே உடம்பு பூரா இப்படி ஆயிடும். பூனை வெளியவே போறதில்லைங்கிறீங்க. அப்போ உங்க துணியில ஏறித்தான் வந்திருக்கணும். வேற பூனை இருக்கிற வீட்டுக்கு யாராவது போய்ட்டு வர்றீங்களா?”

அவளுக்குப் பகீரென்றது.

கணவருக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு போன மகளின் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று அவர் சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். அங்கே சோபாவில் கிடக்கும் இரண்டு பூனைகளையும் நகர்த்திவிட்டுத்தான் உட்காரவே முடியும்.

அப்படியானால் இந்தச் சீழும் சிரங்கும் தன் துணியில் ஏறி வந்ததுதான். உடம்பெல்லாம் ஏதோ ஊர்ந்தது. பூனை மேலிருந்த அருவருப்பு அப்படியே தன் மேல் திரும்பியது.

“யாரும் எங்கயும் போறதில்ல டாக்டர்” என்றார் கணவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

வெளியே மருந்து கொடுக்கும் பெண், கழுத்தில் விடும் சொட்டு மருந்தை எடுத்தாள். எடைக்குத் தகுந்த அளவாம். பூனையின் எடையைக் கேட்டாள்.

“மூணு பூனைக்குக் குடும்மா” என்றார் கணவர். “மத்த ரெண்டு வேற வீட்டுல இருக்கு. அதுல அந்த வெள்ளை மட்டும் நல்லா குண்டு.”

மகள் வீட்டில் பூனை இருப்பதாக அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.