பின்வரிசை அபாரம்

ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தையல் பிரிவுப் பெண் முதல்முறையாக மைக் பிடித்தாள். நாலாவது வாக்கியத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஆஹா, அபாரம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல்.

கூட்டம் கை தட்டியது. பெண் தெம்பாகி, ஒருவழியாகப் பேசி முடித்தாள்.

மேடையில் இருந்த பழைய தலைவருக்குச் சுருக்கென்றது. அந்தக் குரல் அவருடைய சொத்து. ஆலை வாசலில் எண்ணெய்ப் பீப்பாய் மேல் ஏறி நின்று அவர் முழங்கிய காலத்தில், போலீஸ் தடிக்கும் அஞ்சாமல் எழுந்த குரல். எல்லோரும் 'சாயம்' என்று கூப்பிடும் சாயப்பிரிவுக்காரரின் குரல். சிறையில் அதை நினைத்தே தலைவரின் நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது. அவரால் பதவிக்கு வந்தவர்கள் அவரை மறந்துவிட்டார்கள். அந்த 'அபாரம்' ஒன்றுதான் மிச்சம்.

இறங்கி நேரே பின்வரிசைக்குப் போனார்.

"என்னய்யா சாயம், அந்தப் பொண்ணு என்ன சொல்லிடுச்சுன்னு அபாரம்?"

"பாவம் தலைவரே, புதுசு."

"எனக்குச் சொன்ன வார்த்தையை வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் வாரி இறைப்பியா? அப்ப என் பேச்சுக்கு என்னய்யா மதிப்பு?"

"அப்படியில்ல தலைவரே, அது வந்து..."

"ஒண்ணும் வர வேணாம். நான் பேசும்போது நீ வாயைத் திறந்தே, அந்த நிமிஷமே மேடையை விட்டு இறங்கிடுவேன்."

"சரி தலைவரே, வாயைத் திறக்கல."

தலைவரின் முறை வந்தது. பல வருடம் கழித்துக் கிடைத்த மேடை. "பெரியவருக்கு அஞ்சு நிமிஷம் போதும்" என்று இளம் செயலாளர் பக்கத்தில் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. இவர்களுக்குப் பேச்சென்றால் என்னவென்று காட்டிவிட வேண்டும்.

பழைய வேலைநிறுத்தத்திலிருந்து தொடங்கினார். கணீரென்று ஏறிய பேச்சு பாதியில் அறுந்தது. அடுத்த சொல் வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தக் காலத்திலும் இப்படி அறுந்திருக்கிறது, எத்தனையோ தடவை. ஒருவருக்கும் தெரிந்ததில்லை. சரியாக அந்த நொடியில்தான் அந்தக் குரல் எழும். கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த சொல் அகப்பட்டுவிடும்.

இத்தனை வருடமாக உறைக்காதது இப்போது உறைத்தது. பின்வரிசையைப் பார்த்தார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார் சாயம்.