டீசல் தோத்த மாசம்

"பெட்ரோல் ஜெயிச்சிருச்சு! எங்கடா என் பன்னு?"

பென்ட்டி போட்ட கூச்சலில் நாங்கள் வேலை பார்க்கும் மர மில்லின் காபி அறையே அதிர்ந்தது.

ஓஸ்மோவின் டீசல் காரா, பென்ட்டியின் பெட்ரோல் காரா, எது குறைவாகக் குடிக்கிறது என்று மாதாமாதம் போட்டி. தோற்றவர் எங்கள் எல்லாருக்கும் ஏலக்காய் பன் தரவேண்டும். நாலு வருஷமாகத் தந்தது பென்ட்டிதான்.

இந்த ஜனவரியில் நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஏழு லிட்டர். டீசல் எட்டு!

"டீசல்தான் சிக்கனம்னு பீத்திக்கிட்டியே, என்னடா ஆச்சு?"

"குளிர்டா" என்றார் ஓஸ்மோ.

"ஏன், என் வண்டி மட்டும் வெயில்லயா நின்னுச்சு?"

பென்ட்டிக்கு எப்போதுமே வாய்த்துடுக்கு. குடும்பக் காட்டை விற்ற தகராறில் பெற்ற அப்பாவோடு மூன்று வருஷமாகப் பேச்சே இல்லை. அப்பா அர்வி ஊர்க்கோடியில் தனியாக இருக்கிறார்.

"நோட்டைக் காட்டு!"

போகிற வருகிற தூரத்தை எல்லாம் ஓஸ்மோ எழுதிவைக்கிற நோட்டு. பென்ட்டி பிடுங்கிப் புரட்டினார்.

"தினம் சாயங்காலம் மூணு கிலோமீட்டர் போக, மூணு வர. அட மடையா! எஞ்சின் சூடாகறதுக்குள்ள அணைச்சா டீசல் குடிக்காம என்ன செய்யும்? மூணு கிலோமீட்டர் நடக்கக் காலா இல்லை?"

"எனக்கு இருக்கு. கூட வர்றவருக்குத்தான் முடியலை."

"யாரு அந்த மகாராஜா?"

ஓஸ்மோ காபியைக் கீழே வைத்தார்.

"உங்கப்பா. பாதத்துல சர்க்கரைப் புண். தினம் ஆஸ்பத்திரியில கட்டு மாத்தணும். உன்கிட்ட மூச்சு விடாதேன்னார். இப்ப நீயா கேட்டுட்டே."

பென்ட்டியின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னிக்கு எத்தனை மணிக்கு?"

"நாலுக்கு. ஏன்?"

"இந்த மாதிரி குட்டித் தூரத்துக்கு டீசல் லாயக்கில்லடா. பெட்ரோல் வண்டிதான் சரி."

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த மாதம் பென்ட்டி படுதோல்வி. பெரிய தட்டு நிறைய பன்னோடு, வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"எந்தக் கடையில வாங்கினே?" என்றேன்.

"கடையா? எங்கப்பா உக்காந்துக்கிட்டே பிசைஞ்சு கொடுத்தார், நான் சுட்டேன். தின்னுங்கடா!"