முதல் நாள் பாடம்

கத்தி முனை சித்திகாவின் விலாவில் அழுந்தியது. "போனைக் குடு!" என்று காதருகே ஒரு குரல் உறுமியது.

அவள் போனை எட்டத் தூக்கி எறிந்துவிட்டு, துப்பட்டா நழுவ நழுவ கேட்வரை ஓடினாள். "காப்பாத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

ஒன்றுமில்லை என்று அவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு, கதிர் மாஸ்டர் ரப்பர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டான். "போதும் வாங்க்கா. டீக்கடைக்காரரு போலீசக் கூப்புட்டுருவாரு."

உக்கடத்தில் பழைய குடோன் ஒன்றைப் பிடித்துக் கதிர் நடத்தும் தற்காப்பு வகுப்பு அது. புது பேட்ச் சேரும்போதெல்லாம் சித்திகா முழுப் பணத்தையும் கட்டிச் சேர்வாள். முதல் நாள் வருவாள். அதோடு சரி, அடுத்த பேட்ச்சுக்குத்தான் வருவாள். பணத்தைக் கட்டிவிட்டு வராமல் இருப்பவரைவிட நல்ல மாணவர் ஒரு மாஸ்டருக்கு ஏது? கதிர் ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை.

ஆனால் அந்த ஒரு நாளில் அவன் உயிரை எடுத்துவிடுவாள். கத்தியோடு ஒருவன் வந்தால் கேட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட வேண்டும். முதல் நாள் பாடம் இவ்வளவுதான். ஓடக் கற்றுக்கொள்ள யாரும் பணம் கட்டுவதில்லை என்பதால் கதிர் அதைச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பான். இவள் விடமாட்டாள்.

"ஏனுங்க மாஸ்டர், புதுப் போனா இருந்தா?"

"தூக்கிப் போட்ரோணும்க்கா."

"டியூ முடியாத போனா இருந்தா?"

"தூக்கிப் போட்டு டியூ கட்டோணும்." புது பேட்ச் பையன்கள் சிரித்தார்கள்.

"செத்துப்போன அப்பா வாங்கிக் குடுத்த போனா இருந்தா?"

"அப்பவும் ஓட்டந்தானுங்க!"

அவள் பையன்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கல்ல கண்ணுகளா? எங்கே, எல்லாரும் ஒருக்கா ஓடுங்க பாக்கலாம்."

"அக்கா, நாங்க கத்திச் சண்டை பழக வந்தமா, மாரத்தானுக்கு வந்தமா?" என்றான் முஜீப். இருந்தும் ஓடினார்கள். மெதுவாக ஓடிய முஜீபை அவள் இன்னொரு தடவை ஓடவிட்டாள்.

பையன்களின் முகம் தொங்குவதைக் கண்ட கதிர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினான். கழுத்தில் மெடலோடு ஓர் இளைஞன். "நாளையிலருந்துதான் ஆட்டமே. இவன் பேரு சுஃப்யான், நம்மகிட்டப் பழகுனவன். கத்தியப் புடுங்கறதுல இவன அடிச்சுக்க ஆளில்ல. பெருந்துறைல வேலை கெடச்சுப் போனான். இப்பப் போன் போட்டாக்கூட எடுக்கறதில்ல, பெரிய ஆளாயிட்டான்!"

எல்லோரும் படத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சித்திகா மட்டும் தூக்கி எறிந்த போனைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கதிரின் போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டான். "மாஸ்டர், புதுசாச் சேந்த ஜெஃபினுங்க. சிங்காநல்லூர்ல டிராபிக்ல மாட்டிக்கிட்டேன். வரட்டுங்களா?"

"இன்னைக்கு சும்மா பேச்சுத்தான் தம்பி. நாளைக்கு வந்துபோடு."

"வேண்டாமுங்க! இன்னைக்கே வரச் சொல்லுங்க." சித்திகா எழுந்தே விட்டாள். "எந்நேரமானாலும் நான் இருக்கறேன். அந்தப் பையனும் ஓடிப் பாக்கட்டும்."

"என்னங்க்கா இது?" கதிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாள் வராட்டி உசுரா போயிரும்?"

முதல் தடவையாக அவள் சுவரைப் பார்த்தாள்.

"சுஃப்யான் எம்மவனுங்க. போன வருசம் பெருந்துறைல போனக் கேட்டவங்கிட்டக் கத்தி இருந்துச்சு. எம்மவன் கத்தியப் புடுங்கப் போனான்."

கதிரின் சிரிப்பு பாதியில் நின்றது. டிராபிக் இரைச்சலில் இதெல்லாம் காதில் விழாத ஜெஃபினின் குரல் மட்டும் போனிலிருந்து கேட்டது. "அப்ப நாளைக்கே வரட்டுங்களா மாஸ்டர்?"

சித்திகா குரலை உயர்த்தவில்லை.

"எம்மவங்கிட்டயும் மொத நாளு 'நாளைக்கு வா'ன்னுதானுங்க சொன்னீங்க."