தலைத்துணியின் முடிச்சு

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில், மூடுபனி விலகாத காலையில், பவளம் தகர உண்டியலுடன் நிற்கிறாள். உண்டியல் மேல் ஒட்டியிருப்பது போர் நடக்கும் தேசத்து ஆஸ்பத்திரியின் படம், கட்டில்களில் பிள்ளைகள். புற்றுநோய் அவளை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. தலைத்துணிக்குள் முடி அடர்ந்து வளர்ந்து புழுங்குகிறது. துணியை அவிழ்த்துவிட்டு நின்ற நாட்களில் அவள் முன்னால் யாரும் நின்று காசு போடவில்லை. முன்பு அவளோடு கொழுந்தெடுத்து, வேறு தோட்டத்துக்கு மாறிப்போன அம்மாக்கண்ணு மூச்சிரைக்க வந்து, மஞ்சள் துணியில் முடிந்த காசை நீட்டுகிறாள். “உன் வைத்தியத்துக்குன்னு ஆத்தாகிட்ட வெச்சு எடுத்தது, புள்ள.” “எனக்கு நல்லாயிடுச்சுக்கா. இது அந்தப் பிள்ளைங்களுக்கு.” நீட்டிய கை பின்னுக்குப் போகிறது. “உனக்குன்னு முடிஞ்சது. வேற யாருக்கும் குடுக்கக் கூடாது.” பவளம் படத்திலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறாள். பிடரியில் தலைத்துணியின் முடிச்சை இறுக்குகிறாள். “முழுசா இல்லக்கா, இன்னும் ரெண்டு ஊசி பாக்கி.” சொன்ன வாய் கசக்கிறது. காசு தகரத்துக்குள் விழுகிறது. அம்மாக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிடுகிறது. ஆறுதலாகத் தலையைத் தடவக் கையைத் தூக்குகிறாள். பவளத்துக்குப் பின்வாங்க இடமில்லை. முதுகில் தேயிலைச் செடிகள் ஈரமாகக் குத்துகின்றன. கை தலைத்துணிக்கு வந்துவிட்டது.