பார்க்க வந்தவள்

பக்கவாதம் வந்த வீடுகளில் அன்றாடம் எப்படி நடக்கிறது என்று கூடவே இருந்து பார்த்து எழுதும் ஆராய்ச்சிக்காரப் பெண், காலையிலேயே வந்துவிட்டாள்.

"அம்மா, இந்த ஆராய்ச்சி எதைப் பத்தின்னு முதல்ல சொல்லிடறேன்..."

"அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. இப்படிக் கட்டில் பக்கத்துல உக்காரு. இங்கேர்ந்தாத்தான் அவர் நல்லாத் தெரிவார்" என்று வீட்டுக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கணவரின் வாயைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டு, அழுக்குத் துணியை அலசிவிட்டு வந்தாள். அவள் பேச்சு மட்டும் ஓயவில்லை.

"ராத்திரி நல்லாத் தூங்கினார். பிரஷர் சரியா இருக்கு. எழுதிக்கிட்டியா?"

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"

"என் கதை எதுக்கு? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்." சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"உங்க கதைக்குத்தாம்மா வந்திருக்கேன். நோயாளியைப் பாத்துக்கறவங்களைப் பத்தின ஆராய்ச்சி இது. உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்தான்."

அவள் திகைத்துப்போனாள். "என் பேரை யாரு குடுத்தது?"

"நான்தான்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "டாக்டர்கிட்ட போன்னு நான் சொன்னா நீ கேக்கறியா?"

"பாத்தியா கண்ணு! எழுந்து உக்கார முடியலை, கோள் மூட்ட மட்டும் தெம்பு வந்துடுச்சு!"

பொரிந்து தள்ளியவள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் காதருகே குனிந்தாள்.

"மாடிப்படி ஏறினா நெஞ்சை அடைக்குது கண்ணு. அவர்கிட்ட சொல்லிடாதே, பயந்துடுவார்."