பந்து நின்ற இடம்

சுண்டெலியின் தோளில் வைத்த கையை அத்தான் எடுக்கவேயில்லை. அந்தக் கை மட்டும் இல்லாதிருந்தால் அவன் எப்போதோ எழுந்து வெளியே போயிருப்பான்.

"வளர்ச்சி நின்னுபோச்சு," என்றார் ஹாக்கி கிளப்பின் தேர்வாளர். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கண்ணால பார்க்கிறதைத்தானே சொல்ல முடியும்?"

பள்ளி மைதானத்தில் அவனைக் கண்டெடுத்தவரே இவர்தான். அவசரப்பட மாட்டேன், பையன் நிதானமாக வளரட்டும் என்று அம்மாவிடம் சொல்லி அழைத்துவந்தவர். இப்போது அவன் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினார். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கிளப் அவனை எடுத்ததே பெனால்டி கார்னருக்காக. கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுவார். வட்டத்துக்கு வெளியே ஒருவர் குனிந்து அதை நிறுத்துவார். நின்ற பந்தை மட்டையால் இழுத்து கோலுக்குள் சுண்டிவிடுவது சுண்டெலியின் வேலை; அந்தப் பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். முதல் சீசனில் கோல்கீப்பர்கள் அவன் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள்.

கிளப்பின் வீடியோக்காரர் ஆட்டப் பதிவின் அடுத்த துண்டைத் திரையில் ஓட்டினார். சுண்டெலியின் மட்டை பந்தைத் தொட்டது. முழங்கால் மடங்கி, உடம்பு கோணி, பந்து கம்பத்துக்கு வெளியே போனது. பந்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் குனிந்திருந்த அத்தான் எழுந்து அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த துண்டிலும் அதே கோணல், அதே தட்டல்.

"எல்லாத் துண்டும் இவன் அடிக்கிறதுலேருந்தே ஆரம்பிக்குதே?" என்றார் தேர்வாளர்.

வீடியோக்காரர் வாயைத் திறப்பதற்குள், "பார்க்க வேண்டியது அவன் அடியைத்தானே சார். உங்க நேரமும் மிச்சம்," என்றார் அத்தான்.

தேர்வாளர் சுண்டெலியின் பக்கம் திரும்பினார். "எட்டி எட்டிப் போறே, பாரு. பந்து என்ன பஸ்ஸா, கையை நீட்டிக்கிட்டு ஓட?"

இந்த சீசன் முழுக்க அவனும் இதைத்தான் தன் காலிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா வீட்டுப் பின்சுவரில் காரை உதிரும்வரை சுண்டிப் பழகினான். அங்கே சொன்னபடி கேட்ட கால், மைதானத்தில் கேட்கவில்லை. சுவர் போச்சே என்று அக்கா சத்தம் போட்டபோது, "சுவரைப் பூசிக்கலாம், பையன் மனசு உடைஞ்சா பூச முடியுமா?" என்று அவள் வாயை அடைத்தவர் அத்தான்.

திடீரென்று ஒரு துண்டில் பந்து வலையின் மேல்மூலையில் போய்ச் செருகியது. கோணல் இல்லை. முதுகில் தட்டியவர் அத்தானும் இல்லை, மாற்று ஆட்டக்காரர்.

"இது மட்டும் எப்படி?" என்றார் தேர்வாளர்.

"அன்னிக்கு நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன் சார், பார்க்கல," என்றார் அத்தான். "எதிர் டீம் சுமார்தான்னு கேள்வி."

தேர்வாளர் தலையாட்டிக்கொண்டார்.

"சின்ன டீமுக்கு இறக்குங்க சார். வெளியே மட்டும் அனுப்பிடாதீங்க," அத்தானின் குரல் தழைந்தது. "எங்க வீட்டுப் பிள்ளை."

"அப்போ கார்னரை யாரு அடிக்கிறது?"

"வேற வழி? இவன் வர்றதுக்கு முன்னாடி மாதிரி நானே அடிச்சுச் சமாளிக்கிறேன்."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாரம்?"

"மச்சினனுக்காக இதைக்கூடச் செய்யலைன்னா வீட்ல எனக்கு யாரு சோறு போடுவா?"

தேர்வாளர் சிரித்தார். சுண்டெலிக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கியது. கண்டெடுத்தவரே கைவிட்டார், சொந்தக் காலும் கைவிட்டது. மிச்சமிருப்பது தோள்மேல் கிடக்கும் இந்தக் கை ஒன்றுதான்.

"சரி, சின்ன டீம்தான்," என்று தேர்வாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"சார்," என்றான் சுண்டெலி. அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் சொல் அதுதான். "போறதுக்கு முன்னாடி என் தப்பைத் தெரிஞ்சுக்கிறேன் சார். அத்தான் பந்தை நிறுத்துறதுலேருந்து ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க. கால் எங்கே பிசகுதுன்னு பார்த்துக்கிறேன்."

"எதுக்கு மாப்ள இப்போ? வா, வீட்டுக்குப் போவோம்," என்றார் அத்தான்.

"கேட்கிறான்ல, போடுங்க," என்றார் தேர்வாளர்.

வீடியோக்காரர் போடவில்லை. புரியாமல் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க பந்தை நிறுத்துற இடத்தையெல்லாம் வெட்டிடச் சொன்னீங்களே அண்ணே, இப்போ போடட்டுமா?"