முன்வரிசைச் சிரிப்பு

ஊர் நூலகத்தின் உயரமான சன்னல் வழியே பிற்பகல் வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. ரூல்ஃபின் இந்த வட்டாரத்து ட்ரென்தெப் பேச்சிலேயே எழுதிய தன் நாவலை நின்றபடி வாசிக்கிறாள். கால்வாயில் மூழ்கிய மகனைத் தகப்பன் தூக்கி வந்து அடுப்போரம் கிடத்துகிற இடம் அது. "எந்திரிடா ராசா, ஒடம்பு இப்பிடிச் சில்லுனு கெடக்கே" என்கிறான் அவன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்திருக்கும் வட்டாரமொழி விழாவின் தலைவர் வான் ரேடெ முன்வரிசையில் களுக்கென்று சிரிக்கிறார். அவர் சிரித்ததுதான் தாமதம், ஊரே சிரிக்கிறது; காப்பிக் கோப்பைகள் தட்டுகளில் கிணுகிணுக்கின்றன. பேரப்பிள்ளைகள் வாயில் இந்தப் பேச்சு வந்தால் அதட்டுகிறவர்கள், வருசத்துக்கு ஒருநாள் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறார்கள். ரூல்ஃபின் வாசித்த பக்கத்தில் விரலை வைத்தபடி புத்தகத்தை மூடுகிறாள்.

"செத்துப்போன புள்ளயப் பத்தி வாசிக்கிறேன். எதுக்குச் சிரிச்சீங்க?"

"ஐயோ, அப்படியா மேடம்? நீங்க வாசிச்சதுல எனக்கு ஒரு வார்த்தையும் புரியலை. ஓசை அவ்வளவு வேடிக்கையா இருந்துச்சு," என்கிறார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நீங்க வெளியூரு, போவட்டும். இவுகளுக்கு அம்புட்டும் புரிஞ்சுச்சே. ஏண்டி ஹில்லெஹின், நீயே சொல்லு."

ஹில்லெஹின் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இன்று காலை ரொட்டிக்கடையில் இதே பேச்சில் வம்பளந்தவள். இப்போது கழுத்துத் துணியைச் சரிசெய்கிறாள், தலைவரை ஒருமுறை பார்க்கிறாள், சுத்தமான நகரத்து டச்சில் சொல்கிறாள்:

"மன்னிக்க வேண்டும் மேடம், எங்களுக்கும் புரியவில்லை."